உப்பு போட்டும் ஆட்டுத்தோல் கழிவாகிறதா? அறிகுறி பார்த்துக் காரணம் பிடிக்கும் வழி

பக்ரீத் மறுநாள் எங்கள் மண்டி வாசலில் சரக்கு ஆட்டோக்கள் தெருமுனை வரை நிற்கும். திண்டுக்கல்லில் தோல் தரம் பிரிக்கும் வேலையை இருபது ஆண்டுகளுக்கு மேல் செய்தவன் நான். கழிவு என்று ஒதுக்கியதும் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: “உப்பெல்லாம் போட்டோமே, அப்புறம் ஏன்?” நானும் ஒன்றைத்தான் திருப்பிக் கேட்பேன். எத்தனை மணிக்கு அறுத்தீர்கள், எத்தனை மணிக்கு உப்பு போட்டீர்கள்? பதில் சொல்ல யோசித்தால் தோலைப் பிரித்துப் பார்க்கவே தேவையிருக்காது.

கசாப்புக்கடைக்காரர்கள், குர்பானித் தோல் சேகரிக்கும் மதரஸாக்கள், ஊர்க் கிடாவெட்டில் தோல் எடுப்பவர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். உங்கள் தோலில் தெரியும் குறை எந்தத் தலைப்பில் வருகிறதோ அதை மட்டும் படித்தால் போதும். முதல் தலைப்பை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

## கத்தி எடுக்கும் முன்: ஆடு தானாகச் செத்துக் கிடக்கிறது

மாலை வரை மேய்ந்த ஆடு காலையில் செத்துக் கிடக்கிறது. வயிறு மளமளவென்று ஊதுகிறது. மூக்கிலோ வாயிலோ ஆசனவாயிலோ கறுத்த இரத்தம் உறையாமல் கசிகிறது. இப்படி இருந்தால் தோல் ஆசையை விட்டுவிடுங்கள். அடைப்பான் நோயாக இருக்கலாம். அது மனிதருக்கும் தொற்றும். உடலைக் கீறினால் கிருமி காற்றுப்பட்டு வித்தாக மாறி மண்ணில் பல பத்தாண்டுகள் கிடக்கும். உரிக்கக் கூடாது, இழுத்துப் போகக் கூடாது. நாயும் காக்கையும் அண்டாமல் ஓர் ஆளைத் தள்ளி நிறுத்திவிட்டு, அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள். இதில் நீங்களாகச் செய்து பார்க்க ஒன்றுமே இல்லை.

இன்னொன்று: நரி, மான், உடும்பு என்று காட்டு உயிர் எதன் தோலையும் மண்டிக்குக் கொண்டுவர வேண்டாம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. “வழியில் அடிபட்டுக் கிடந்தது, அண்ணே” என்று நரித்தோலோடு வந்தவரை நான் வாசலோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

## மயிர் கையோடு வருகிறது

அதிகம் வரும் குறை இதுதான். அதிகப் பணம் போவதும் இதில்தான்.

சோதனை எளிது. கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் ஒரு கொத்து மயிரைப் பிடித்து இழுங்கள். வயிறு, தொடையின் உட்புறம், கழுத்து ஆகிய மூன்று இடங்களில் பார்த்தால் போதும். நல்ல தோலில் மயிரோடு தோலும் மேலே எழும்பும். கெட்டுப்போனதில் வெந்த கோழியில் இறகு வருவதுபோல் மயிர் சுலபமாக வந்துவிடும். விரலில் வழவழப்பு ஒட்டும்.

மயிர் வந்த இடத்தை இப்போது வெளிச்சத்தில் பாருங்கள். தோல் பளபளவென்று முழுசாக இருக்கிறதா, மேல் ஏடு உரிந்து சொரசொரப்பாகத் தெரிகிறதா? மயிர் போனதற்காகப் பதனிடுகிறவர் வருந்தமாட்டார். எப்படியும் சுண்ணாம்பில் போட்டு அவரே அதை எடுக்கப்போகிறார். மயிரோடு அந்த மேல் ஏடும் போனால்தான் கழிவு. ஏடு முழுசாக இருந்தால் அந்தத் தோல்களைத் தனியே பிரித்து, புது உப்பு போட்டு, அன்றைக்கே மண்டிக்கு அனுப்பிவிடுங்கள். ஏடு உரிந்திருந்தால் பசை காய்ச்சுகிறவரைத் தவிர யாரும் வாங்கமாட்டார்கள். அதன்மேல் மறுபடி உப்பைக் கொட்டுவது உப்புக்குத்தான் நட்டம்.

ஓரங்களில் மட்டும் வருகிறது. கால், கழுத்து ஓரங்கள் உள்பக்கமாகச் சுருண்டிருந்திருக்கும். உப்பு அங்கே எட்டவில்லை. அடுத்த முறை தோலை விரித்து, ஓரங்களை உள்ளங்கையால் நீவிவிட்டு, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக உப்பைத் தேயுங்கள். நடுவில் மேடாகக் கொட்டிவிட்டு ஓரத்துக்குத் தூவுவதுதான் எல்லோரும் செய்கிற வேலை.

வயிற்றில் மட்டும் வருகிறது. சாணமோ குடல் நீரோ பட்டிருக்கிறது. அறுத்த இடத்தில் தரை எப்படி இருந்தது என்று கேளுங்கள். தொங்கவிட்டு உரித்தாலே இதில் பாதி தீர்ந்துவிடும்.

எல்லா இடத்திலும் வருகிறது. செலவில்லாத காரணத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

முதலில் நேரம். நம் ஊர் வெயிலில் அறுத்ததிலிருந்து நான்கு மணி நேரத்துக்குள் உப்பு ஏற வேண்டும். பக்ரீத் ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னே நகர்கிறது. 2024இல் ஜூன் 17, 2025இல் ஜூன் 7. இனிச் சில ஆண்டுகளுக்கு அது கோடையிலேயே விழும். அந்த நாட்களில் நான்கு மணி நேரம்கூட அதிகம்தான்.

அடுத்தது குவியல். ஒருமுறை ஒரு மதரஸாவில் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. வராந்தா மூலையில் நூற்று நாற்பது தோல்கள், மேலே தார்ப்பாய். குவியலுக்குள் முழங்கை வரை கையை விட்டேன். வடித்த சோற்றுப் பானைக்குள் விட்டதுபோலச் சுட்டது. பக்கத்துச் சுவரில் ஐம்பது கிலோ உப்பு மூட்டைகள் மூன்று, தைத்த நூல் பிரிக்காமல் சாய்ந்து நின்றன. “எல்லாத் தோலும் வந்து சேரட்டும், ஒரேயடியாகப் போட்டுவிடலாம் என்று இருந்தோம் பாய்” என்றார் ஹஜ்ரத். உப்பின் அளவில் ஒரு குறையும் இல்லை. நூற்று நாற்பது தோலுக்கு மூன்று மூட்டை சரியான கணக்கு. காலை ஒன்பது மணிக்கு வந்த முதல் தோலுக்கு ஒன்பது மணிக்கே உப்பு போட்டிருந்தால் அத்தனையும் தேறியிருக்கும். மேலே கிடந்த முப்பது சொச்சத்தைத்தான் எடுக்க முடிந்தது.

தோல் வரவர உப்பு போடுங்கள். முடியாவிட்டால் நிழலில் ஒவ்வொன்றாகக் கொடியில் போட்டு ஆறவிடுங்கள். குவிக்க வேண்டாம், பிளாஸ்டிக் பையில் கட்டவே வேண்டாம். பையில் கட்டிய தோலைக் கட்டு அவிழ்க்கும்போதே மூக்கு சொல்லிவிடும்.

நேரமும் குவியலும் சரியாக இருந்தும் மயிர் வந்தால் உப்பைப் பாருங்கள். தோலின் எடையில் ஏறக்குறைய பாதி வேண்டும். இரண்டு கிலோ பச்சைத் தோலுக்கு ஒரு கிலோ. மூன்றாம் நாள் அடுக்கைப் பிரித்துப் பார்த்தால் இறைச்சிப் பக்கத்தில் கரையாத உப்பு நறநறவென்று கையில் பட வேண்டும். வெறும் ஈரம் மட்டும் இருந்தால் உப்பு போதவில்லை. உடனே இன்னொரு சுற்று போடுங்கள். உப்பு ரவையைவிடக் கொஞ்சம் பெரிதாக இருப்பது நல்லது. பெருங்கல்லாக இருந்தால் இடைவெளி விடும், தோலில் குழியும் விழும். மாவாக இருந்தால் ஓரிடத்தில் கட்டிப்போகும்.

“கூடப் போட்டால் நல்லதுதானே?” என்பார்கள். தோல் குடிக்கிற அளவுக்கு மேல் குடிக்காது. மிச்சமெல்லாம் பதனிடும் இடத்தில் ஊறவைக்கும் தண்ணீரில் இறங்கும். பாலாற்றங்கரைக் கிணறுகள் உப்புக் கரித்ததில் இந்த உப்புக்கும் பங்கு உண்டு. அந்த ஆற்றை மாசுபடுத்திய தோல் ஆலைகள் பற்றிய வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பே சொல்லியிருக்கிறது.

அடுக்கும்போது தரை சாய்வாக இருக்கட்டும், தோலுக்கும் தரைக்கும் நடுவே மரப்பலகை இருக்கட்டும். இறைச்சிப் பக்கம் மேலே தெரியும்படி ஒன்றன்மேல் ஒன்றாகப் போடுங்கள். வடியும் உப்புநீர் தேங்கினால் அடித்தோல்கள் அதிலேயே ஊறிக் கெடும்.

எப்போது ஆளைக் கூப்பிடுவது: ஐம்பது தோலுக்கு மேல் இருந்து, மூன்று இடச் சோதனையில் பாதிக்கு மேல் தோற்றால் நீங்களாகத் தரம் பிரிக்க உட்காராதீர்கள். மண்டியிலிருந்து ஆளை அழையுங்கள். நீங்கள் பிரித்து முடிக்கும் ஒரு பகலுக்குள் மிச்சமும் போய்விடும்.

## மயிர் நிற்கிறது, ஆனால் நாற்றம் அடிக்கிறது

உப்புத் தோலுக்கென்று ஒரு வாடை உண்டு; அது பழகிவிடும். கண்ணைக் கரிக்கிற மூத்திர வாடை வந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

இறைச்சிப் பக்கத்தை நகத்தால் சுரண்டுங்கள். வெளிர் ரோஜா நிறமோ தந்த நிறமோ தெரிந்து, நகத்தில் ஒன்றும் ஒட்டாவிட்டால் தோல் நன்றாக இருக்கிறது. வாடை ஒட்டிக்கொண்டிருக்கும் இறைச்சித் துண்டு, கொழுப்பு, வால் எலும்பு, காது, குளம்புச் சதை ஆகியவற்றிலிருந்து வருகிறது. அவற்றை வெட்டி எறிந்துவிட்டு அந்த இடங்களில் உப்பைத் தேய்த்தால் ஒரு நாளில் அடங்கும். செம்மறித் தோலில் கொழுப்பு அதிகம். மழுங்கிய கத்தியின் முதுகால் வழித்துவிடுங்கள். கொழுப்பின்மேல் போட்ட உப்பு உள்ளே இறங்காது.

பச்சையாகவோ நீலமாகவோ நிறம் மாறி, நகத்தில் சளிபோல வந்தால் அழுகல் தொடங்கிவிட்டது. முன் தலைப்பின் மயிர்ச் சோதனைக்குப் போங்கள்.

இங்கே எல்லோரும் செய்யும் தவறு, நாற்றம் போகக் கழுவுவது. உப்பு போட்ட தோலில் தண்ணீர் படவே கூடாது. கழுவுவதாக இருந்தால் உரித்த உடனே, உப்புக்கு முன்னால், நல்ல தண்ணீரில் இரத்தமும் சாணமும் போக ஒரு அலசு அலசி, அரை மணி நேரம் தொங்கவிட்டு நீர் வடித்த பிறகே உப்பு. குட்டைத் தண்ணீரில் அலசுவதைவிட அலசாமலே விடலாம்.

## இறைச்சிப் பக்கம் சிவந்திருக்கிறது

இரண்டு மூன்று வாரம் அடுக்கில் கிடந்த தோலில் குங்குமம் தூவியதுபோலத் திட்டுத்திட்டாக வரும். இரத்தக் கறை என்று நினைத்துவிடுவார்கள். இரத்தம் முதல் நாளே தெரியும். இது நாள்பட்டு வருவது. உப்பிலேயே வாழும் கிருமிகளின் வேலை இது. உப்பளப் பாத்தியில் முற்றிய நீர் சிவந்து தெரிவதும் இதே இனத்தால்தான்.

பழைய உப்பை மறுபடி போட்டீர்களா என்று முதலில் பாருங்கள். ஒரு தோலில் உதறிய உப்பை அடுத்த தோலுக்குப் போடுவது சிக்கனம்போலத் தெரியும். முதல் தோலின் கிருமியும் கூடவே போகும். பழைய உப்பு போடவில்லை என்றால் அறையைப் பாருங்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரை, ஜன்னல் இல்லை, மே மாதம் என்றால் காரணம் தேட வேண்டியதில்லை. இரண்டும் சரி என்றால், வைத்திருந்த நாள்தான் அதிகம். விலை ஏறட்டும் என்று காத்திருந்து சிவக்கவிட்ட சரக்கை நிறையப் பார்த்திருக்கிறேன்.

லேசான சிவப்பென்றால் உப்பை முழுக்கத் துடைப்பத்தால் தள்ளிவிட்டு, புது உப்பு போட்டு, காற்றோட்டமான இடத்துக்கு மாற்றி, விரைவில் விற்றுவிடுங்கள். நூறு கிலோ உப்புக்கு இரண்டு கிலோ சலவைச் சோடாவும் ஒரு கிலோ அந்துருண்டைப் பொடியும் கலப்பது பழைய முறை. அந்துருண்டை வேண்டாம் என்று சொல்லும் ஆலைகளும் உண்டு என்பதால் வாங்குபவரைக் கேட்டுவிட்டுக் கலக்குங்கள்.

சிவப்பு ஊதாவாகி, அந்த இடத்தில் மயிரும் தளர்ந்தால் நிலைமை கைமீறிவிட்டது. கிடங்கு முழுக்க, வருடா வருடம் இப்படி வருகிறதென்றால் உப்பு மாதிரியும் தோல் மாதிரியும் எடுத்துக்கொண்டு சென்னை அடையாறில் உள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்தை அணுகுவதே சரி. 1948இல் அந்த நிறுவனத்தைத் தொடங்கியதே இந்தத் தொழிலுக்காகத்தான். சிறு வியாபாரிகள் ஏனோ அந்த வாசலுக்குப் போகக் கூச்சப்படுகிறார்கள்.

## கறுப்பு, நீலக் கறை

இரும்பு பட்டிருக்கிறது. தகர ஷீட்டின்மேல் அடுக்கியது, துருப்பிடித்த டிரம்மில் ஊறப்போட்டது, கம்பியால் கட்டியது என்று ஏதாவது ஒன்றாக இருக்கும். பச்சைத் தோலில் சிறு புள்ளியாகத்தான் தெரியும். அதே தோல் ஆவாரம்பட்டையிலோ கடுக்காயிலோ இறங்கும்போது அந்தப் புள்ளி மை கொட்டியதுபோல் விரியும். துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் மைதானே. கறை விழுந்த தோலைச் சரிசெய்ய வழியில்லை. தகரத்தை எடுத்துவிட்டுப் பலகை போடுங்கள். சணல் கயிற்றால் கட்டுங்கள்.

மஞ்சள் அல்லது காவி நிறத்தில், தொட்டால் கடினமாக இருக்கும் சிறு புள்ளிகள் அழுக்கு உப்பால் வருபவை. உப்பு வாங்கும்போது ஒரு பிடியைத் தண்ணீரில் கரைத்துப் பாருங்கள். அடியில் மண் தங்கினால் அந்த மூட்டையை விட்டு வேறு மூட்டை கேளுங்கள்.

## ஓட்டையும் கத்திக் கீறலும்

தோலை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடியுங்கள். ஓட்டை உடனே தெரியும். இறைச்சிப் பக்கத்தில் பாதி ஆழம் இறங்கிய கீறல் வெளிச்சக் கோடாகத் தெரியும். பதனிட்டு இழுக்கும்போது கிழிவது இந்தக் கோட்டில்தான் என்பதால், ஓட்டையைவிட இதற்குத்தான் நான் அதிகம் கழிவு போடுவேன்.

கீறல்கள் முதுகிலும் விலாவிலும் இருந்தால், உரித்தவர் தேவையில்லாத இடத்தில் கத்தி ஓட்டியிருக்கிறார். வயிற்று நடுக்கோட்டையும் கால் உட்புறங்களையும் கீறித் திறப்பதோடு கத்தியின் வேலை முடிந்தது. பிறகு முஷ்டியைத் தோலுக்கும் சதைக்கும் நடுவே விட்டுத் தள்ளினாலே வந்துவிடும். உடல் சூடாக இருக்கும்போது ஆட்டுத்தோல் சட்டை கழற்றுவதுபோலக் கழன்று வரும். ஆறிவிட்டால்தான் கத்தி கேட்கும். கத்தி முனை கூராக இருந்தால் வளைந்த முனைக் கத்திக்கு மாறுங்கள்.

எல்லாம் சொல்லியும் கீறல் குறையவில்லை என்றால் ஆளை மாற்றுங்கள். பண்டிகை நாளில் ஒரு மணி நேரத்தில் பத்து ஆடு முடிக்கிறேன் என்று வருகிறவர் தோலைப் பற்றிக் கவலைப்படமாட்டார். குர்பானித் தோலை அவருக்குக் கூலியாகத் தரவும் கூடாது என்பது மார்க்கச் சட்டம். எனவே அதை நன்றாக எடுத்து அவருக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. கூலியைப் பேசும்போதே ஓட்டையில்லாத தோலுக்கு இவ்வளவு கூடுதல் பணம் என்று பேசிவிடுங்கள். நான் பார்த்தவரை பலித்த ஒரே வழி அதுதான்.

## வெயிலில் காய்ந்து பலகையாகிவிட்டது

உப்பு கிடைக்காத ஊரில் சுவரில் அறைந்தோ தரையில் விரித்தோ காயப்போடுகிறார்கள். மேலே காய்ந்து, உள்ளே ஈரம் அடைபட்டு அழுகும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. சுண்ணாம்பில் போட்டதும் கொப்புளம் கொப்புளமாக வெடிக்கும்.

மடித்துப் பாருங்கள். துணி மடிப்பதுபோல் இல்லாவிட்டாலும் அட்டை மடிவதுபோல் மடிய வேண்டும். படக்கென்று ஒடிந்தால், அல்லது ஓரம் கண்ணாடிபோல் ஒளி ஊடுருவி மின்னினால், வெந்துவிட்டது. ஒடிந்ததை யாராலும் மீட்க முடியாது. ஒடியாததை நீங்களே ஊறவைத்துப் பார்க்க வேண்டாம், அப்படியே மண்டிக்குக் கொண்டுவாருங்கள். அடுத்த முறை காயவைத்தே ஆக வேண்டும் என்றால் நிழலில், தரையிலிருந்து தூக்கி, இருபுறமும் காற்றுப்படும்படி கொடியில் போடுங்கள்.

## வண்டும் துளைகளும்

இது காய்ந்த தோலுக்கு வரும் நோய். ஈர உப்புத் தோலில் அரிது. அடுக்கை உதறினால் மரத்தூள்போலக் கொட்டும், கூடவே மயிரடர்ந்த பழுப்புப் புழுவின் சட்டைகள் விழும். தின்கிறது வண்டைவிட அந்தப் புழுதான்.

உதறி, பெருக்கி, பெருக்கியதை எரித்து, தோலை வேறு அறைக்கு மாற்றுங்கள். பத்து நாளைக்கு ஒருமுறை அடுக்கைக் கலைத்து மாற்றினாலே பெரும்பாலும் போதும். வயலுக்கு வாங்கிய பூச்சிமருந்தைத் தெளிக்கும் ஆசை வரும், தெளிக்காதீர்கள். பென்டாகுளோரோபீனால் என்ற மருந்து தோலில் இருக்கக் கூடாது என்று 1989இல் ஜெர்மனி தடை போட்டபோது இங்கிருந்து போன தோல் பொருட்கள் சிக்கலில் மாட்டிக்கொண்டன. அன்றிலிருந்து ஆலைக்காரர்கள் மருந்து வாடை வரும் தோலைத் தொடவே யோசிக்கிறார்கள். கிடங்குச் சுவர் விரிசல்களிலேயே புழு இருந்தால் பூச்சி ஒழிக்கும் ஆளைக் கூப்பிடுங்கள். ஆனால் தோலை வெளியேற்றிய பிறகு.

## எந்தத் தவறும் செய்யவில்லை, ஆனாலும் புள்ளியும் வடுவும்

நேரத்துக்கு உப்பு போட்டிருக்கிறீர்கள், கீறல் இல்லை, நாற்றம் இல்லை. மயிரை ஒதுக்கிப் பார்த்தால் வட்ட வட்டமாகத் தழும்பு. இது ஆடு உயிரோடு இருந்தபோதே வந்தது. வட்டமாகக் குழிந்திருந்தால் அம்மை. காது, தொடையிடுக்கு, வால் அடியில் பொடிப் புள்ளிகள் கூட்டமாக இருந்தால் உண்ணி. விலாவில் நீளக் கோடுகள் என்றால் வேலிக்காத்தான் முள். சூடு போட்ட தழும்பு தனியாகவே தெரியும்.

விற்பவருக்கு இதில் செய்ய ஒன்றும் இல்லை. மண்டியில் கழிவு போடும்போது எந்தத் தழும்பு என்று மட்டும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஒரே ஆட்டுக்காரரிடம் வாங்கிய தோல்களில் அம்மைத் தழும்பு திரும்பத் திரும்ப வந்தால் அவருக்குச் சொல்லிவிடுங்கள். அம்மைக்குத் தடுப்பூசி இருக்கிறது. கால்நடை மருந்தகத்தில் கேட்டுப் போடலாம். சூடு போடுகிறவரிடமும் சொல்லிப் பாருங்கள். எங்கள் ஊர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் நோய் தீர விலாவில் சூடு போடுவார். விலாவில் போட்டால் தோலில் நடுத்துண்டே போய்விடும் என்று அவருக்குப் பலமுறை சொன்னேன். இப்போது அவர் கொண்டுவரும் தோல்களில் சூட்டுத் தழும்பு காலில் இருக்கிறது.